சர்க்கரையை அளக்கிறோம், ஷிஃப்டை அளப்பதில்லை

நாவலூர், ஏகாட்டூர், சிறுசேரி வட்டாரத்து ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவர்களிடம் மற்றச் சான்றிதழ்களோடு ஒரு மருத்துவத் தாளையும் கேட்பது வழக்கம். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, கண் பார்வை. கடைசியில் ஒரு டாக்டரின் கையெழுத்து, ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்று ஒரு வரி. எந்த வேலைக்கு என்பது அதில் இராது. பகல் வேலையா, அமெரிக்க நேரத்துக்கு விடிய விடிய உட்காரும் வேலையா, கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலையா என்று டாக்டர் கேட்பதில்லை. அதைக் கேட்கச் சொல்லி யாரும் அவரிடம் அனுப்பவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஆளுக்குச் சர்க்கரை வருகிறது, பிரஷர் வருகிறது. கம்பெனி செலவிலேயே வருடாந்தர ‘மாஸ்டர் செக்கப்’ நடக்கிறது. எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகி வருகின்றன. “வாக்கிங் போங்க, சோத்தைக் குறைங்க” என்று ஆலோசனையும் கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்து அவருடைய ஷிஃப்டையோ, சாப்பாட்டு நேரத்தையோ, வீடு திரும்பும் வழியையோ யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பதற்குத்தான் வேலையிட இடர் மதிப்பீடு என்று பெயர். இந்த நோயுள்ள இவருக்கு இந்த வேலையில் எது ஆபத்து, எதை மாற்றினால் அது குறையும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிவைப்பது. இதற்கு நம் சட்டங்களில் என்ன இடம் இருக்கிறது, வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள், செய்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதிப்பிட வேண்டியது வேலையை. நம் நாட்டில் இதை எழுத்தில் கேட்கும் சட்டம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது பிறந்தது சர்க்கரைக்காக அல்ல, எச்.ஐ.வி.க்காக.

நோயின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, அதாவது வயதுவந்தோரில் 11.4 சதவீதம், ரத்த அழுத்தம் 35.5 சதவீதம் என்றது. இந்தக் கம்பெனிகள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு (ஓ.எம்.ஆர்.) இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 2000களின் தொடக்கத்தில் கல்லூரி முடித்த கையோடு இங்கே வந்து சேர்ந்தவர்கள் இப்போது நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். இளைஞர்களின் தொழில் என்று பெயரெடுத்த தொழில் முதல் முறையாக நடுவயதுக்காரர்களைச் சுமக்கத் தொடங்கியிருக்கிறது. கேன்டீன், கேப், ரோஸ்டர் எல்லாம் இன்னும் இருபத்திரண்டு வயதுக்காரரை மனத்தில் வைத்தே ஓடுகின்றன.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 44 வயது டீம் லீட். மாலை 5.30 முதல் பின்னிரவு 2.30 வரை ஷிஃப்ட். இன்சுலின் இல்லை, மாத்திரைதான். ‘மாத்திரைதானே’ என்று இதை ஒதுக்கிவிடுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். க்ளிமிபிரைடு சேர்த்து எடுப்பவருக்கு அப்படியில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் ‘லோ சுகர்’ வரலாம். இரவு எட்டரைக்கு மாத்திரை போடுகிறார். எட்டே முக்காலுக்கு ஒரு கிளையன்ட் கால். பத்து நிமிடம் என்றது ஒன்றரை மணி நேரமாகிறது. பத்தே காலுக்கு மேல் கேன்டீனில் மிச்சம் இருப்பது காபி மெஷினும் பிஸ்கட்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், கோபம் வரும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர் அதைத் தூக்கக் கலக்கம் என்றோ டென்ஷன் என்றோ எடுத்துக்கொள்வார். இரண்டரைக்குக் கேப் ஏறுகிறார். தூங்குகிறாரா, மயங்கிவிட்டாரா என்பது டிரைவருக்குத் தெரியாது.

இந்த ஆளுக்கு எழுத வேண்டிய மதிப்பீடு ஒரே பக்கம். நோயின் பெயரைவிட மருந்தின் பெயர் முக்கியம். எட்டரை முதல் ஒன்பது வரை அவர் நாட்காட்டியில் யாரும் மீட்டிங் போடக் கூடாது. மேஜை டிராயரில் சர்க்கரையோ குளுகோஸ் பாக்கெட்டோ இருக்க வேண்டும். அதே வரிசையில் உட்காரும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவர் யார் என்பதை இவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து கேப் ஏறுவதற்கு முன் ஒருமுறை விரல் நுனியில் குத்திப் பார்க்கப் பத்து நிமிடம் வேண்டும். மூன்று வாரம் இரவு, ஒரு வாரம் பகல் என்று மாறிமாறி வரும் ரோஸ்டர் இவருக்கு நிலையான இரவைவிட மோசமாக இருக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மருந்து நேரமும் மாற வேண்டும். அதை அவருடைய டாக்டரிடம் கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஆனாலும் நடப்பதில்லை, ஏனென்றால் இதை எழுத வேண்டியவர் யார் என்பதே முடிவாகவில்லை. மேனேஜருக்கு மருத்துவம் தெரியாது. முதலுதவி அறை நர்ஸுக்கு ரோஸ்டர் தெரியாது. ஹெச்.ஆருக்கு இரண்டும் தெரியாது. ஊழியரோ, அப்ரைசல் நேரத்தில் வாயைத் திறக்க மாட்டார்.

மற்ற நோய்களை வேகமாகப் பார்க்கலாம். வலிப்பு என்றால் எல்லோருக்கும் உயரமான இடமும் சுழலும் இயந்திரமும்தான் நினைவுக்கு வரும். ஐ.டி. அலுவலகத்தில் இரண்டும் இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. எனவே இரவு ஷிஃப்டே அங்கே சுழலும் இயந்திரம். இருதுருவ மனநோய்க்கும் இதே விதி பொருந்தும். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போகும், அது போக அன்றைய களைப்பு. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியின் நிலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. பிரஷருக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். பாயின்ட்டை விட்டுக் கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் கத்துவார் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். மே மாத வெயில், எதிரே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கண்ணாடிக் கட்டடம். வெயிலும் நீரிழப்பும் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதைச் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்கள் நாவலூரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு கேட்டருகே ஒரு நாற்காலியாகவும் ஒரு குடமாகவும் மாறுவதற்கு இடையில்தான் இடர் மதிப்பீடு தேவைப்படுகிறது. கடைத் தொழிலாளர்களுக்கு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. நிற்பதும் ஓர் இடர் என்று அப்போது ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

நாவலூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு, நோயாளிக்கு வேலையில் இடம் உண்டா என்ற கேள்வி புதிதல்ல. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியமும், செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள தொழுநோய் நிலையமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நீண்ட நாள் நோய் என்றால் வேலையை விடு, வீட்டை விடு, காம்பவுண்டுக்குள் போ என்பதே அந்தக் காலத்து ஏற்பாடு. அதை உடைத்ததும் சென்னைதான். 1956இல் தொடங்கிச் சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு, நல்ல மருந்து கிடைத்தால் ஏழை வீட்டில் இருந்தபடி சிகிச்சை எடுப்பவரும் சானடோரியத்தில் படுத்திருப்பவர் அளவுக்கே குணமடைகிறார் என்று 1959இல் காட்டியது. உலகமே காசநோய் மருத்துவத்தை அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டது. நோயாளி ஊருக்குள் இருக்கலாம், பிழைப்பைப் பார்க்கலாம் என்று மருத்துவம் சொல்லிவிட்டது. வேலையிடம் அந்தச் செய்தியை முழுதாக இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வேலையால் வரும் நோயைப் பார்த்தது. ஈயம், சிலிக்கா, பஞ்சுத் தூசி என்று அதன் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் திருத்தி, ஆபத்தான தொழில்முறைகளில் வேலை செய்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் பதிவேடும் கட்டாயமாக்கினார்கள். 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலத்தை வாழும் உரிமையின் பகுதி என்று அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இங்கே கேள்வி ஒரே திசையில் போனது: நல்ல உடம்போடு வந்தவரை வேலை என்ன செய்கிறது? ஏற்கெனவே சர்க்கரையோடும் ஆஸ்துமாவோடும் வந்தவரை அதே வேலை என்ன செய்யும் என்று சட்டம் கேட்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமோ இன்னும் ஒரு படி போய், தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பாகாது என்று விலக்கும் கொடுத்தது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (ஈ.எஸ்.ஐ.) வேறு வழியில் போனது. நோய்க்காலப் பணம் வாங்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அதன் 73ஆம் பிரிவு சொன்னது. காசநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும் போதிய சந்தாவும் வேண்டும். சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய், 2017 ஜனவரியிலிருந்து மாறாத எண். ஆக நாவலூர்க் கட்டடங்களில் ஒரு வேடிக்கை: தரை துடைப்பவருக்கும் கேட்டில் நிற்பவருக்கும் தாளிலாவது ஒரு பாதுகாப்பு உண்டு, மேல்மாடியில் ஒரு லட்சம் வாங்குபவருக்கு அதுகூடக் கிடையாது. ஒன்று கவனிக்கலாம். ஈ.எஸ்.ஐ. கொடுப்பது வேலைக்கு வராமல் இருப்பதற்கான பணம். வந்து வேலை செய்வதற்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அதன் கணக்கிலும் இல்லை.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே ஐ.டி. கம்பெனியும் உள்ளே. காயமோ தொழில்நோயோ உண்டாக்கும் ஆபத்து இல்லாமல் வேலையிடத்தை வைத்திருக்க வேண்டும், நடைமுறையில் முடிந்தவரை உடல்நலத்துக்கு இடரில்லாத சூழலைத் தர வேண்டும் என்று 6ஆம் பிரிவு முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிறகு அதன் கை ஆலைகளுக்கும் நீண்டது. பரிசோதிப்பதில் நமக்குக் குறையில்லை. சோதனை முடிவு கையில் வந்த பிறகு முதலாளி செய்ய வேண்டியது என்ன என்ற இடத்தில் இந்தச் சட்டங்களும் திட்டங்களும் பேச்சை நிறுத்திக்கொள்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அந்த இடத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தது: நியாயமான ஏற்பாடு. முதலாளிக்குத் தாங்க முடியாத சுமையாகாத வரையில் ஊழியருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்துகொடுப்பது. சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், மனநோய் எல்லாம் உண்டு. நீரிழிவு இல்லை, இதயநோய் இல்லை, ஆஸ்துமா இல்லை. வேலைக்கு வந்தபின் ஊனமுற்றவரை நீக்கக் கூடாது என்ற 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்கு, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடு என்ற 21ஆம் பிரிவு. ஓ.எம்.ஆர். கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் அந்தக் கொள்கை அழகான ஆங்கிலத்தில் கிடைக்கும்.

நீதிமன்றங்கள் சட்டத்தைவிட முன்னால் போயிருக்கின்றன. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு உதவி எழுத்தர் மறுக்கப்பட்டதை ரத்து செய்தது. ஏற்பாடு என்பது ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாகக் கேட்டறிந்து செய்ய வேண்டியது, அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து முடிப்பதல்ல என்ற வழி அங்கே திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், மனநோயோடு தொடர்புடைய நடத்தைக்காக மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவர்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையைப் பாரபட்சம் என்றது.

இனி எச்.ஐ.வி. சட்டம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அடுத்த பத்தாண்டு முழுக்க, தொற்று தெரிந்தால் வேலை போகும் என்பதே நடைமுறை. 1997இல் எம்.எக்ஸ். எதிர் இசட்.ஒய். என்று பெயர் மறைத்து நடந்த வழக்கில், ஒரு பொதுத்துறை நிறுவனம் தினக்கூலித் தொழிலாளி ஒருவரைத் தொற்றைக் காட்டி ஒதுக்கியதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையைச் செய்ய முடிகிறதா, பிறருக்குக் கணிசமான ஆபத்து இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பின் சாரம் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஏறியது. 2018 செப்டம்பர் 10 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் இரண்டு தாள்களை அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒன்று, தகுதியும் சார்பின்மையும் உள்ள மருத்துவர் எழுதிய மதிப்பீடு: இவரால் வேலையிடத்தில் பிறருக்குத் தொற்றும் கணிசமான ஆபத்து உண்டு, அல்லது இவரால் இந்த வேலையின் கடமைகளைச் செய்ய முடியாது. இரண்டாவது, நியாயமான ஏற்பாட்டைச் செய்துகொடுக்க ஏன் முடியவில்லை, அதில் நிர்வாகச் சிரமமோ பணச் சிரமமோ எவ்வளவு என்று முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரும் விளக்கம்.

இந்த இரண்டாவது தாளுக்காகவே இந்தச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். முதல் தாள் எல்லா ஊரிலும் உண்டு. நோயாளிதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். இரண்டாவது தாள் முதலாளியைக் கூண்டேற்றுகிறது. ‘எங்களால் முடியாது’ என்று வாயால் சொல்வது எளிது. என்ன முயன்றோம், எவ்வளவு செலவாகும், ஏன் தாங்காது என்று எழுதத் தொடங்கினால் பாதி முடியாமைகள் பேனா முனையிலேயே கரைந்துவிடும். நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் புகார் அதிகாரி வேண்டும், சம்மதமின்றி நோயை வெளியே சொல்லக் கூடாது என்பவையும் அதே சட்டத்தில் இருக்கின்றன. சட்டம் இருப்பதே பல ஹெச்.ஆர். அலுவலர்களுக்குத் தெரியாது என்பது வேறு கதை. இந்த இரண்டு தாள் முறையை நீரிழிவுக்கும் வலிப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் நீட்டுவதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. சட்ட மொழி தயாராக இருக்கிறது.

வெளியே பார்த்தால், இடர் மதிப்பீட்டைப் பழக்கமாக்கியது ஐரோப்பா. 1989ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியாணை, எளிதில் பாதிக்கப்படும் பிரிவினரைத் தனியாகக் கவனிக்கச் சொன்னது. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு விதிகளின்படி எல்லா முதலாளியும் இடரை மதிப்பிட வேண்டும், ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் எழுதியும் வைக்க வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னொரு முனையைப் பிடித்தது: வேலை கொடுப்பதற்கு முன்னால் உடல்நலம் பற்றிக் கேள்வி கேட்பதையே பெரும்பாலும் தடுத்தது. புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் கண்டறிந்த நாளிலிருந்தே சட்டப் பாதுகாப்பு பெறும். அங்கேயும் இது பல இடங்களில் டிக் அடிக்கும் தாளாகத்தான் முடிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரவு ஷிஃப்ட் ஊருக்கு மிகவும் பொருந்துவது, அதிகம் யாரும் பேசாத 1990ஆம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 171. இரவு வேலை செய்பவர் கேட்டால் செலவில்லாமல் உடல்நல மதிப்பீடு. இரவுக்குத் தகுதியில்லை என்று வந்தால், முடிந்தவரை அவரால் செய்யக்கூடிய வேறு வேலைக்கு மாற்றம். இரவுக்குத் தகுதியில்லை என்ற முடிவைத் தவிர, மதிப்பீட்டில் உள்ள வேறெதையும் அவர் சம்மதமின்றிப் பிறருக்குச் சொல்லவோ அவருக்கு எதிராகப் பயன்படுத்தவோ கூடாது. இந்தியா இதை ஏற்புறுதி செய்யவில்லை. ஜப்பானில் 2015 முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் மன அழுத்தச் சோதனை கட்டாயம்; முடிவு ஊழியரிடம் நேரே போகும், முதலாளிக்குப் போக ஊழியர் ஒப்ப வேண்டும். இரண்டு ஏற்பாட்டிலும் சாவி ஊழியர் கையில்.

அந்தச் சாவி எதற்கு என்பதை ஓர் அமெரிக்க வழக்கு விளக்கும். மாரியோ எச்சசாபல் கலிஃபோர்னியாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தக்காரர்கள் மூலம் 1972 முதல் வேலை செய்தவர். நிரந்தர வேலைக்கு மனுப் போட்டபோது மருத்துவப் பரிசோதனையில் கல்லீரல் கோளாறு தெரிந்தது. பிறகு அது ஹெபடைட்டிஸ் சி என்றானது. ஆலை ரசாயனங்கள் கல்லீரலைக் கெடுக்கும் என்று சொல்லி வேலை மறுத்தார்கள். கடைசியில் ஒப்பந்த வேலையும் போனது. ‘என் உடம்பு, என் முடிவு’ என்பது அவர் வாதம். 2002 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முதலாளி பக்கம் சாய்ந்தது: தனக்கே ஆபத்து என்றாலும் மறுக்கலாம், ஆனால் பொதுவான பயத்தை வைத்து அல்ல, அந்த ஆளை வைத்துச் செய்த தனிப்பட்ட மருத்துவ மதிப்பீட்டின்மேல்தான். இடர் மதிப்பீடு ஊழியரைக் காக்கும் குடையாகவும் விரிக்கலாம், வெளியே தள்ளும் கோலாகவும் பிடிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ‘உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்’ என்ற வாக்கியத்தை ஓ.எம்.ஆரில் கேட்டவர்களுக்கு இது புரியும். நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், ‘அப்போ இந்த ப்ராஜெக்ட்ல உங்களுக்கு ரோல் இல்லையே’ என்று ‘பெஞ்சு’க்கு, அதாவது ப்ராஜெக்ட் இல்லாதவர்கள் பட்டியலுக்கு, அனுப்புவது அந்த வகை அக்கறை.

ஆகவே ஊழியர்கள் மறைப்பதில் ஆச்சரியமில்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும் இங்கே பெரிய துணையில்லை: உடல்நலத் தகவலுக்கென்று தனி உயர்மட்டப் பாதுகாப்பு அதில் கிடையாது, வேலை தொடர்பான நோக்கங்களுக்குச் சம்மதமின்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவு வழியும் விடுகிறது. மேனேஜருக்கு நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ‘எட்டரை முதல் ஒன்பது வரை இவருக்கு மீட்டிங் இல்லை’ என்பது மட்டும் தெரிந்தால் போதும். மருத்துவரிடம் நோய், மேனேஜரிடம் ஏற்பாடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிப் பயம் போகும்.

கொரோனா காலம், நோயை வைத்து வேலையை மதிப்பிடுவதைப் பெரிய அளவில் ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போனது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை, சிறுபான்மை இனப் பின்னணி கொண்ட ஊழியர்களுக்கும் இடர் மதிப்பீடு செய்யுமாறு மருத்துவமனைகளைக் கேட்டது. தமிழ் டாக்டர்களும் நர்ஸுகளும் அந்தப் படிவங்களை நிரப்பியவர்களில் உண்டு. நம் ஊரில் ‘இணைநோய்’ என்ற சொல் ஒரே மாதத்தில் டீக்கடைவரை போய்ச் சேர்ந்தது. வீட்டிலிருந்து வேலை என்பது முடியவே முடியாது என்று சாதித்த கம்பெனிகள் ஒரே வாரத்தில் லேப்டாப்பைக் கேப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பின. பிறகு 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்று ஒன்றைச் சேர்த்து, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி பெறுவோர் பட்டியலில் ‘தற்காலிகமாக இயலாத நிலையில் உள்ள’ ஊழியர்களையும் வைத்தார்கள். கால் ஒடிந்தவருக்கு இடம் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சிறுநீரக நோயோடு இருப்பவர் எந்தப் பிரிவில் வருவார் என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பு என்ற உத்தரவுகள் வந்தபோது இணைநோய் என்ற சொல்லும் சத்தமில்லாமல் காணாமல் போயிற்று.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பின் 14ஆம் பிரிவு, வேலையில் தன் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்த ஹெச்.ஆருக்கு ஓர் ஈமெயில் போதும். மேலே சொன்ன டீம் லீடுக்கு ஆங்கிலமும் லேப்டாப்பும் இருக்கின்றன. கடினமான கேஸ் அவருடைய மாடியிலேயே கழிப்பறை கழுவும் பெண்மணியுடையது. வீசிங் உண்டு, பையில் இன்ஹேலர் இருக்கிறது. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஆசிட் கிளீனரையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றச் சொல்கிறார்கள். அப்படிக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத கழிப்பறையில் நல்ல நுரையீரலுக்கே அது தாங்காது. சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர், ஐ.டி. கார்டில் கட்டட நிர்வாகத்தின் பெயர், வேலை வாங்குவது கம்பெனி அட்மின். குடிநீர், கழிப்பறை, முதலுதவி போன்ற வசதிகள் முதன்மை முதலாளியின் பொறுப்பு என்று தொகுப்பு சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் நோயைப் பார்த்து வேலையை மதிப்பிட வேண்டியவர் யார் என்பதை மாநில விதிகளில் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும். அதுவரை அவர் செய்யக்கூடியது, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஆஸ்துமா என்று எழுதிய சீட்டின் நகலோடு, எந்தெந்த டப்பாவை நான் தொடக் கூடாது, மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டே கேள்வி கொண்ட ஒரு கடிதத்தைத் தமிழிலேயே எழுதி, கான்ட்ராக்டருக்கும் கம்பெனி அட்மினுக்கும் ஒரே நாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அப்படிக் கொடுத்துவிட்டால், ‘அது அவங்க பொறுப்பும்மா’ என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடுவது இருவருக்கும் கொஞ்சம் சிரமமாகும்.